கோடை விடுமுறையில் நாம் கற்ற பாடங்கள்

 

பரீட்சை முடிந்து பள்ளிக்கூடங்களை அடைத்துவிட்டால் நமது இல்லங்களெல்லாம் நிறைந்துவிடுகின்றன. கட்டிக் கொடுத்த பெண்மக்கள் பிள்ளைகளோடு தாய்வீடு வருகிறார்கள். ஓடுவதும் விழுவதும், சிரிப்பதும் அழுவதுமாக வீடு இரண்டு மாதத்திற்கு வேறு வீடாக மாறிவிடுகிறது. தஞ்சை மாவட்டத்திலுள்ள நமது வீட்டிலும் சென்ற கோடை அப்படித்தான் கழிந்தது. நமது பிள்ளைகள் மூவர். அக்காவின் பிள்ளைகள் இருவர். இந்த ஐவருக்கும் தினம் அஸருக்குப் பின் அரைமணி நேரம் மார்க்கப் பாடம் நடத்துவதென்று நாம் நிய்யத்து வைத்தோம். நடத்தவும் செய்தோம். ஆனால் விடுமுறை முடிந்து கணக்குப் பார்த்தபோது, நாம் கற்றுக் கொடுத்ததைவிடக் கற்றுக் கொண்டதே அதிகமாக இருந்தது. மத்ரஸாவில் கிதாபுகளில் ஓதிய மஸ்அலாக்கள்தாம் அவை; ஓதியவற்றை வீட்டுக்குள் கொண்டு வந்தோமா என்பதுதான் கேள்வி. பிற குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்று கருதி அவற்றில் சிலவற்றை இங்கே எழுதுகிறோம்.

ஒரு செம்புத் தண்ணீர்

மே மாதத்தில் எங்கள் பக்கத்துக் கல்லணைக் கால்வாய் வறண்டு கிடக்கும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து, அந்தத் தண்ணீர் வந்து சேரும்வரை கிணறும் ஆழ்குழாயும்தான் கதி. அப்படிப்பட்ட நாளில் பிள்ளைகள் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, பேசிக்கொண்டே ஒளு செய்வதைக் கண்டு நாம் சத்தம் போட்டோம். உடனே அக்காவின் மூத்த மகன், "மாமா, நீங்க ஒளு செய்யும்போதும் குழாய் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?" என்று கேட்டான்.

மறுநாள் லுஹருக்கு நாம் ஒளு செய்யும்போது கீழே ஒரு வாளியை வைத்துப் பார்த்தோம். முடித்தபோது வாளி முக்கால் பங்கு நிறைந்திருந்தது. அளந்ததில் எட்டு லிட்டருக்கு மேல் இருந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு நீரால் ஒளு செய்வார்கள் என்றும், ஒரு 'ஸாஉ' முதல் ஐந்து 'முத்' வரையிலான நீரால் குளிப்பார்கள் என்றும் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஒரு முத் என்பது நடுத்தர மனிதர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு; இன்றைய கணக்கில் ஏறத்தாழ முக்கால் லிட்டர். நமது ஹனபி மத்ஹபின் கணக்கில் சற்றுக் கூடும். எந்தக் கணக்காயினும் ஒரு செம்புக்குள் அடங்கிவிடும். நாம் செலவழித்ததோ எட்டுச் செம்பு! ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் ஒளுவில் வீண்விரயம் கூடாது என்ற கருத்தில் இப்னுமாஜாவில் ஒரு ஹதீஸ் உண்டு. அதன் ஸனதில் பலவீனம் உண்டென்று முஹத்திஸுகள் கூறினாலும், வீண்விரயம் மக்ரூஹ் என்பதில் கருத்து வேறுபாடில்லை.

அன்று முதல் ஆளுக்கொரு செம்பு என்று வைத்தோம். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஆனால் அதிலும் ஒரு பாடம் காத்திருந்தது. அரைச் செம்பில் முடித்துவிட்டதாகப் பெருமை பேசிய சின்னவனின் குதிகாலைப் பார்த்தால் உலர்ந்து வெளுத்திருந்தது. அவசரத்தில் குதிகாலை நனைக்காமல் விட்டவர்களைக் கண்டு நாயகம் (ஸல்) அவர்கள் உரத்த குரலில் நரகத்தைக் கொண்டு எச்சரித்ததை அவனுக்குச் சொன்னோம். முகம், முழங்கை உட்பட இரு கைகள், தலையில் நான்கில் ஒரு பாகம் மஸ்ஹு, கரண்டை உட்பட இரு கால்கள் ஆகிய நான்கு பர்ளுகளில் ஒரு நகக்கண் உலர்ந்திருந்தாலும் ஒளு கூடாது. சிக்கனம் வேறு, குறைபாடு வேறு. இரண்டையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நடுப்பகலில் மூடிய கதவு

கத்திரி வெயில் நாளில் லுஹர் தொழுது, சாப்பிட்டு, சற்றுக் கண்ணயர்வது வழக்கம். கைலூலா எனும் அந்தப் பகலுறக்கம் முன்னோர்களிடமும் இருந்ததே. அப்படி நாம் அறையில் படுத்திருந்த ஒரு நாள், பத்து வயது மகன் பந்தைத் தேடிக்கொண்டு கதவைத் தள்ளித் திறந்து உள்ளே வந்து நின்றான். நாம் எழுந்து கடுமையாகத் திட்டிவிட்டோம். அவன் முகம் சிறுத்து வெளியே போய்விட்டான். அப்போது இல்லாள் கேட்டது இதுதான்: "தட்டிட்டு வரணும்னு அவனுக்கு நீங்க என்னைக்குச் சொல்லிக் கொடுத்தீங்க?"

நமக்கு வாயடைத்துவிட்டது. சூரத்துந் நூரின் 58-ஆம் வசனத்தை எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். பருவமடையாத பிள்ளைகளும் மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே பெரியவர்களிடம் வரவேண்டும் என்று அல்லாஹு தஆலா அதில் கட்டளையிடுகிறான். சுபுஹுத் தொழுகைக்கு முந்திய நேரம், நடுப்பகலில் ஆடைகளைக் களைந்து இளைப்பாறும் நேரம், இஷாவுக்குப் பிந்திய நேரம் ஆகியவையே அம்மூன்றும். அடுத்த வசனத்தில், பிள்ளைகள் பருவமடைந்துவிட்டால் எல்லா நேரமும் அனுமதி கேட்க வேண்டும் என்று வருகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அனுமதி கேட்க வேண்டியவர்கள் பிள்ளைகள். ஆனால் அந்த வசனம் விளிப்பது ஈமான் கொண்ட பெரியவர்களை! பிள்ளைக்குக் கற்றுக் கொடுக்கும் பொறுப்பை நம் தலையில் வைத்துத்தான் சட்டமே தொடங்குகிறது. மக்களில் பலர் இந்த வசனத்தின்படி அமல் செய்வதில்லை என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அந்தக் காலத்திலேயே வருந்தியதாக அபூதாவூதில் காண்கிறோம். அந்தப் பலரில் நாமும் ஒருவராக இருந்தோம்.

அன்று மாலைப் பாடத்தில் மகனை அருகில் அழைத்து, "சொல்லிக் கொடுக்காதது அத்தாவின் தப்பு" என்று ஒப்புக்கொண்டோம். பிறகு ஐந்து பிள்ளைகளையும் கதவுக்கு வெளியே நிற்க வைத்து, ஸலாம் சொல்லி, பெயர் சொல்லி, அனுமதி கிடைத்தபின் நுழையப் பழக்கினோம். மூன்று நாளில் பழகிவிட்டார்கள். பத்து வருடமாக நாம் செய்யாத வேலைக்கு மூன்று நாள்தான் தேவைப்பட்டது!

வராத நுங்கு

ஐந்து வயதுச் சின்னவன் ஒரு நாள் எதற்கோ அடம்பிடித்து அழுதான். "அழாதே, அஸர் தொழுதுவிட்டு வரும்போது நுங்கு வாங்கி வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனோம். தொழுகைக்குப் பின் ஒருவர் மஸ்அலா கேட்க வந்தார், பேச்சு நீண்டது, நுங்கு மறந்தே போயிற்று. மஃரிப் முடிந்து வீடு வந்தால் சின்னவன் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தான். நமது கையைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டான்.

அவன் அழுதிருந்தால் நமக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. இரண்டு நாள் கழித்து வேறொன்றுக்காக, "வா, தருகிறேன்" என்று அழைத்தபோது அவன் அக்காவிடம் மெல்லச் சொன்னான்: "அத்தா சும்மா சொல்றாங்க."

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் தம் சிறு வயதில் நடந்ததை அறிவிக்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களுடைய வீட்டில் அமர்ந்திருந்தபோது, தாயார் பிள்ளையை அழைத்து ஏதோ தருவதாகச் சொன்னார்கள். என்ன கொடுக்க நினைத்தாய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். பேரீச்சம்பழம் என்று அந்த அம்மையார் சொன்னதும், ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது உன்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று அருளினார்கள். இது அபூதாவூதில் உள்ளது. மறதி குற்றமல்ல என்று நாம் தப்பித்துக் கொள்ளலாம். ஆனால் சொன்ன நேரத்தில் வாங்கித் தரும் எண்ணம் உண்மையில் இருந்ததா, அழுகையை நிறுத்துவது மட்டும்தான் நோக்கமா என்று மனத்தைக் கேட்டால் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. குழந்தையிடம் சொன்ன பொய்யை நாம் பொய்க் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மறுநாள் நுங்கு வாங்கித் தந்தோம். சின்னவன் தின்றான். நமது வார்த்தையை அவன் பழையபடி நம்புவதற்கு மட்டும் விடுமுறை முடியும்வரை பிடித்தது.

மாம்பழப் பங்கீடு

இனி எழுதப் போவதுதான் இக்கட்டுரை எழுதக் காரணமாக இருந்தது.

விடுமுறையின் கடைசி வாரம் உறவினர் ஒருவர் ஒரு கூடை மாம்பழம் அனுப்பினார். ஐந்து பிள்ளைகளும் சூழ்ந்துகொண்டார்கள். மூத்தவனைப் பங்கு வைக்கச் சொல்லி, "பங்கு வைப்பவன் கடைசியில்தான் எடுக்க வேண்டும்" என்றோம். அவன் மிகக் கவனமாகப் பெரிது சிறிது பார்த்து ஐந்து குவியல் வைத்தான். சமயம் வாய்த்ததென்று நாம் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொன்னோம். அவருடைய தந்தை அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்புக் கொடுத்தார். தாயார் அம்ரா பின்த் ரவாஹா (ரலி) அவர்கள், நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்காதவரை தமக்குச் சம்மதமில்லை என்றார்கள். தந்தை சென்று சொன்னபோது, உம்முடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும், அல்லாஹ்வுக்கு அஞ்சிப் பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி அருளினார்கள். தந்தையும் கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். உயிரோடிருக்கும்போது கொடுக்கும் அன்பளிப்பில் ஆண், பெண் பிள்ளைகளைச் சமமாக நடத்த வேண்டும். மவுத்துக்குப் பிந்திய வாரிசுரிமையில் மட்டும் அல்லாஹ்வே பங்குகளை நிர்ணயித்துவிட்டான் என்று விளக்கமும் சொன்னோம்.

ஒன்பது வயது மகள் மாம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "அத்தா, இது குப்பியோட அத்தா வீடுதானே? இதுல குப்பிக்கு எவ்வளவு?"

அடுப்படி வாசலில் அக்கா நின்றிருந்தார்கள். "பேசாம பழத்தைத் தின்னு" என்று அவளை அதட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நாம் பதில் சொல்லவில்லை.

நமது தந்தையார் மவுத்தாகி ஆறு வருடங்கள் ஆகின்றன. அவர்கள் விட்டுச் சென்றது ஒரு வீடு. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சிறு தென்னந்தோப்பு. 2018 நவம்பரில் அடித்த கஜா புயலில் சாய்ந்தது போக எஞ்சிய மரங்கள் அதில் நிற்கின்றன. வாரிசுகள் நால்வர்: தாயார், அரபு நாட்டில் ஸபரில் இருக்கும் அண்ணன், அக்கா, நாம். தந்தையாரின் பெற்றோர் அவர்களுக்கு முன்பே மவுத்தாகிவிட்டனர். மத்ரஸாவில் 'ஸிராஜிய்யா' ஓதி, ஊரார் கொண்டுவரும் வாரிசுக் கணக்குகளையெல்லாம் போட்டுக் கொடுக்கும் நாம், நமது வீட்டுக் கணக்கை ஆறு வருடமாகப் போடவில்லை. வீட்டில் நாம் குடியிருக்கிறோம். தோப்பில் இரண்டு மாதத்திற்கொரு முறை காய் பறித்து விற்கும் பணம் நமது கைக்கே வருகிறது. யாரும் கேட்கவில்லை, நாமும் பேசவில்லை.

அன்றிரவு இஷாவுக்குப் பின் தாளை எடுத்து எழுதினோம். கணவர் பிள்ளைகளோடு மவுத்தானால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதமுள்ளது ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிள்ளைகளுக்கு. மொத்தத்தை 40 பங்காக்கினால் தாயாருக்கு 5, அண்ணனுக்கு 14, நமக்கு 14, அக்காவுக்கு 7. எழுதி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

உஹதுப் போரில் ஷஹீதான ஸஃது இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி, இரு பெண்மக்களையும் அழைத்துக்கொண்டு நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்ட வரலாறு அப்போது நினைவில் எழுந்தது. பிள்ளைகளின் சிற்றப்பா சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். பொருளில்லாமல் இப்பெண்களுக்கு நிகாஹ் நடப்பதெப்படி என்று அந்த அம்மையார் கேட்டார்கள். வாரிசுரிமை வசனம் இறங்கியது. நாயகம் (ஸல்) அவர்கள் அந்தச் சகோதரரை அழைத்து, பெண்மக்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டும், தாய்க்கு எட்டில் ஒன்றும் கொடுத்துவிட்டு எஞ்சியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உள்ளது. 24 பங்கில் 16-ம் 3-ம் போக, முழுவதும் தனது என்றிருந்தவருக்கு 5 மிஞ்சியது. இந்த ஹதீஸைப் பலமுறை பயானில் சொல்லியிருக்கிறோம். அந்தச் சிற்றப்பாவின் இடத்தில் நாம் நின்று பார்த்தது அன்றுதான்.

அக்கா சொன்ன பதில்

மறுநாள் தாயாரையும் அக்காவையும் உட்கார வைத்துத் தாளைக் காட்டினோம். அக்கா பதறிப் போனார்கள். "எனக்கெதுக்குத் தம்பி இதெல்லாம்? அத்தா எனக்கு நகை போட்டு, சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாங்கள்ல. நான் கேட்டேனா?"

சீர் தந்தையார் உயிரோடிருந்தபோது கொடுத்த அன்பளிப்பு. அதை வாரிசுப் பங்கில் கழிக்க ஷரீஅத்தில் இடமில்லை என்றோம். அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு தலை கவிழ்ந்தவாறே சொன்னார்கள்: "பங்கை வாங்கிட்டா, அப்புறம் நான் லீவுக்கு எந்த வீட்டுக்கு வர்றது?"

வாசகர்களே! நமது பெண்மக்கள் பங்கை விட்டுக் கொடுக்கிறார்கள் என்று பெருமையாகப் பேசுகிறோம். அந்த விட்டுக் கொடுத்தலுக்குள் என்ன இருக்கிறதென்று நாம் கேட்டுப் பார்த்ததுண்டா? தாய்வீட்டு வாசலை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் அவர்கள் தமது ஹக்கைக் கொடுத்து அந்த வாசலை வாங்கிக்கொள்கிறார்கள். மனமொப்பிக் கொடுத்தாலன்றி ஒரு முஸ்லிமின் பொருள் இன்னொருவருக்கு ஹலாலாகாது என்பது நபிமொழியின் கருத்து. அச்சத்தாலும் வெட்கத்தாலும் வாய்மூடி இருப்பது மனமொப்பிக் கொடுத்ததாகாது. இரத்த உறவைச் சேர்ந்து நடப்பது நம்மீது தனிக் கடமை. அதற்கு அக்காவிடமிருந்து ஏழு பங்கு விலை வாங்க நமக்கு உரிமை ஏது?

"இது உங்க அத்தா வீடு. பங்கை வாங்கினாலும் லீவுக்கு இங்கேதான் வரணும்" என்றோம். தாயார் அழுதார்கள். அண்ணனுக்குப் போனில் சொன்னபோது சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "நாமளே செஞ்சிருக்கணும். கணக்கை எழுதி அனுப்பு" என்றார்.

தாயார் இருக்கும்வரை வீட்டை விற்பதில்லை என்று நால்வரும் மனமொப்பி முடிவு செய்து, அவரவர் பங்கை எழுதிக் கையொப்பமிட்டோம். தோப்பின் பட்டாவில் நால்வர் பெயரும் ஏற மனுச் செய்தோம். ஆறு வருடத் தேங்காய்ப் பணத்தில் பறிப்புக் கூலி, உரம் முதலிய செலவு போக, 40-க்கு 7 வீதம் அக்காவுக்குச் சேரவேண்டியதைக் கணக்கிட்டோம். நமது சம்பளத்திற்கு அது பெரிய தொகை. முதல் தவணையை விடுமுறை முடிந்து அக்கா ஊருக்குப் புறப்பட்ட அன்று கையில் கொடுத்தோம். பாதிக்கு மேல் இன்னும் பாக்கி இருக்கிறது. அது தீரும்வரை நம் கழுத்தில் கடனாகவே இருக்கும்.

நாம் செய்ய வேண்டியவை

பாகம் பிரிக்காத குடும்பங்கள் நம்மில் ஏராளம். அவர்களுக்காகச் சில குறிப்புகள்:

1. மவுத்தானவரின் பொருளில் முதலில் கபன், அடக்கச் செலவு. அடுத்துக் கடன். மனைவிக்குக் கொடுக்காத மஹரும் கடனே. அதைக் கொடுத்த பிறகுதான் பங்கு. பின்னர் வஸிய்யத்து இருந்தால் மூன்றில் ஒரு பாகத்திற்குள் நிறைவேற்ற வேண்டும். எஞ்சியதே வாரிசுகளுக்குரியது.

2. சொத்துச் சிறிதென்று விட்டுவிடக் கூடாது. குறைவாயினும் அதிகமாயினும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பாகமுண்டு என்பது சூரத்துந் நிஸாவின் 7-ஆம் வசனத்தின் கருத்து.

3. விளைநிலத்தில் பெண்ணுக்குப் பங்கில்லை என்று சிலர் சொல்வது நமது மாநிலத்தில் சட்டப்படியும் தவறு. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது உண்மையே. 1949-ல் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது.

4. சகோதரி விட்டுக் கொடுப்பதாகச் சொன்னால், முதலில் அவருடைய பங்கை அவருடைய கையில் ஒப்படையுங்கள். தன் கைவசம் வந்து, தான் அனுபவித்த பின் அவராக விரும்பி ஏதேனும் கொடுத்தால் அது வேறு.

5. கணக்குத் தெரியாதவர்கள் வெட்கப்படாமல் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். ஆலிமாக இருப்பவர்கள் முதலில் தமது வீட்டுக் கணக்கைப் போடுங்கள்.

வாரிசுரிமைப் பங்குகளைச் சொல்லி முடித்ததும், இவை தான் விதித்த வரம்புகள் என்று அல்லாஹு தஆலா கூறி, அவற்றைப் பேணுவோருக்குச் சுவனபதியையும் மீறுவோருக்கு நரகத்தையும் அடுத்தடுத்த வசனங்களில் சொல்கிறான். தொழுகையை விட்டவரைக் கண்டிக்கும் நாம் இந்த வரம்பைப் பற்றி ஏன் மௌனமாக இருக்கிறோம்?

மகளுக்கு அன்று பதில் சொல்லாமல் விட்டோமல்லவா? அக்கா புறப்பட்டுச் சென்ற மாலை அவளை அழைத்து, "குப்பிக்கு நாற்பதில் ஏழு" என்று சொன்னோம். அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "குடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"கொடுத்துக்கொண்டிருக்கிறோம்" என்றோம்.

வல்ல நாயன் நம் அனைவரையும் பிறர் ஹக்கிலிருந்து நீங்கியவர்களாக மவுத்தாக்குவானாக! நமது மக்களை நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவானாக! ஆமீன்.